ஐடிலிங்கில் குலுங்கும் கார்: த்ராட்டில் சென்சாரை மாற்றும் முன் அளக்க வேண்டியவை

சிக்னலில் நிற்கும்போது ஸ்டீயரிங் கையில் நடுங்குகிறது. ஆர்பிஎம் முள் 700-க்கும் 1,200-க்கும் இடையே ஏறி இறங்குகிறது. ஏசியைப் போட்டால் என்ஜின் அணைந்துவிடுவதுபோல் தாழ்ந்து, பிறகு திடுக்கென எழுகிறது. இத்தகைய அறிகுறிகளோடு ஒர்க்‌ஷாப்புக்கு வரும் பெட்ரோல் காருக்கு ஸ்கேனரை மாட்டி, திரையில் பி0122 அல்லது பி0123 என்ற குறியீடு தெரிந்தவுடன், என்ஜினுக்குக் காற்றை விடும் த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைச் சொல்லும் த்ராட்டில் பொசிஷன் சென்சாரை மாற்றிவிடுவதே பரவலான வழக்கமாக இருக்கிறது. பல சமயம் அந்த முடிவு சரியாகவே அமையும். ஆனால் புதிய சென்சாரைப் போட்ட சில நாள்களிலேயே அதே நடுக்கம் திரும்பி வருவதும் உண்டு. அந்தக் குறியீட்டின் விளக்கத்தைக் கவனமாகப் படித்தால், சென்சாரின் மின்சுற்றில் வரக் கூடாத ஒரு மின்னழுத்தம் வந்தது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லவில்லை என்பது புரியும். சென்சார், அதற்குச் செல்லும் மூன்று வயர்கள், அவற்றை இணைக்கும் கப்ளர், என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசிஎம் ஆகிய நான்கில் எது பழுது என்பதை நாம்தான் அளந்து கண்டுபிடிக்க வேண்டும்.

இங்கே சொல்லப்படுபவை, ஆக்சிலரேட்டர் கேபிள் நேரடியாக த்ராட்டிலை இழுக்கும் பெட்ரோல் கார்களுக்கானவை. கார்புரேட்டர் விடைபெற்று, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீய்ச்சும் எம்பிஎஃப்ஐ பரவிய 2000-ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் நம் சாலைகளுக்கு வந்து, இன்றும் பழைய கார்ச் சந்தையில் கை மாறிக்கொண்டிருக்கும் சிறிய கார்களில் பல இந்த வகையைச் சேர்ந்தவை. கேபிளே இல்லாமல் மோட்டாரால் த்ராட்டில் திறக்கும் புதிய வகையைப் பற்றிப் பின்னால் சுருக்கமாகப் பார்ப்போம்.

தேவையான கருவிகள் அதிகமில்லை. இரண்டு தசம இடங்கள் வரை காட்டும் டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று, காரின் பழுதறியும் சாக்கெட்டில் மாட்டி, புளூடூத் வழியாகக் கைபேசியோடு இணையும் ஓபிடி அடாப்டர் ஒன்று, தையற்காரர்கள் பயன்படுத்தும் மெல்லிய குண்டூசிகள் சில, கான்டாக்ட் கிளீனர் ஒரு டப்பா ஆகியவை போதும். பல்பு வைத்த பழைய டெஸ்ட் லாம்ப் ஆட்டோ எலக்ட்ரீஷியன்களின் கையில் எப்போதும் இருக்கும். ஃபியூஸையும் ஹெட்லைட்டையும் சோதிக்க அது நல்ல கருவிதான் என்றாலும், இசிஎம்மிலிருந்து வரும் 5 வோல்ட் வயர்களை அதனால் தொடவே கூடாது. அந்தப் பல்பு இழுக்கும் மின்னோட்டத்தைத் தாங்கும்படி அந்தச் சுற்று வடிவமைக்கப்படவில்லை.

பானட்டைத் திறப்பதற்கு முன் ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, வண்டியைத் திறந்தவெளியில் நிறுத்த வேண்டும். மூடிய ஷெட்டுக்குள் என்ஜினை ஓடவிட்டால் வெளிப்படும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. வேட்டி நுனியும் துப்பட்டாவும் பெல்ட் அருகே தொங்கக் கூடாது. ரேடியேட்டர் விசிறி முன்னறிவிப்பின்றிச் சுழலத் தொடங்கும் என்பதையும், மஞ்சள் நிறக் கப்ளர்கள் ஏர்பேக்கைச் சேர்ந்தவை என்பதையும் நினைவில் வைத்து, இரண்டிலும் கை வைக்காமல் விட வேண்டும்.

சென்சார் எதை அளக்கிறது, இசிஎம் அதை எதற்குப் பயன்படுத்துகிறது

பழைய ரேடியோவின் வால்யூம் திருகுதான் இந்த சென்சார். கரிப்பூச்சுத் தடத்தின் ஒரு முனைக்கு இசிஎம் 5 வோல்ட் தருகிறது. மறுமுனை எர்த்துக்குச் செல்கிறது. தடத்தின் மீது உரசியபடி நகரும் சிறிய தொடுநாக்கு, தான் நிற்கும் இடத்துக்கு உரிய மின்னழுத்தத்தை மூன்றாவது வயர் வழியாக இசிஎம்முக்குத் திருப்பி அனுப்புகிறது. த்ராட்டில் பாடிக்குள் இருக்கும் பட்டர்ஃபிளை தகட்டின் அச்சோடு அந்தத் தொடுநாக்கு பிணைக்கப்பட்டிருக்கிறது. தகடு முழுதாக மூடியிருக்கையில் ஏறத்தாழ 0.5 வோல்ட், முழுதாகத் திறந்திருக்கையில் ஏறத்தாழ 4.5 வோல்ட் என்பது பெரும்பாலான கார்களுக்குப் பொருந்தும் கணக்கு. உங்கள் காரின் சரியான எண்ணை அதன் சர்வீஸ் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். 0-வையும் 5-ஐயும் தொடாமல் இரு புறமும் இடைவெளி விட்டிருப்பதற்குக் காரணம் உண்டு: வயர் அறுந்தாலோ வேறொன்றோடு ஒட்டிக்கொண்டாலோ மின்னழுத்தம் அந்த ஓரங்களுக்குப் போய்விடும், அதைக் கொண்டே இசிஎம் பழுதை உணர்கிறது.

ஐடிலிங்கில், அதாவது வண்டி நிற்க என்ஜின் மட்டும் ஓடும்போது, ஓட்டுநர் ஆக்சிலரேட்டரைத் தொடுவதே இல்லை, அப்படியிருக்க அதன் நிலையை அளக்கும் சென்சார் எப்படி ஐடிலிங்கைக் கெடுக்கும் என்ற கேள்வி புதியவர்களுக்கு எழுவது இயல்பு. தகடு மூடியிருக்கிறது என்பதை சென்சாரின் மூலம் உறுதிசெய்துகொண்ட பிறகுதான், மூடிய தகட்டைச் சுற்றிக் காற்றை விடும் ஐடில் வால்வை ஏற்றி இறக்கி ஆர்பிஎம்மை ஒரே நிலையில் பிடித்து வைக்கும் வேலையை இசிஎம் தொடங்குகிறது. 0.5 வரவேண்டிய இடத்தில் 0.7 வந்தால், ஓட்டுநர் லேசாக மிதிக்கிறார் என்று நினைத்து அந்தக் கட்டுப்பாட்டிலிருந்து விலகிக்கொள்கிறது. மின்னழுத்தம் திடீரெனத் துள்ளினால், வேகமாக மிதித்துவிட்டார் என்று கருதிக் கூடுதல் பெட்ரோலைப் பீய்ச்சுகிறது. என்ஜின் குமட்டுவதுபோல் குலுங்கி, புகையில் பெட்ரோல் வாடை அடிப்பது இதனால்தான். தகடு மூடியிருக்கையில் ஆர்பிஎம் மட்டும் மிக உயர்ந்துவிட்டால், வண்டி சரிவில் இறங்குகிறது என்று எண்ணிப் பெட்ரோலை அறவே நிறுத்துவதும் உண்டு. நிறுத்தியதும் ஆர்பிஎம் சரிகிறது; சரிந்ததும் பெட்ரோல் திரும்ப வருகிறது; மறுபடியும் ஏறுகிறது. வண்டி மூச்சிரைப்பதுபோல் தொடர்ந்து ஏறி இறங்குவதன் பின்னணியில் இந்தச் சுழற்சி இருக்கலாம்.

முதலில் விலக்க வேண்டியவை

நடுக்கத்தின் தாளத்தைக் கவனியுங்கள். ஒரே சீராக, எண்ணிவிடக்கூடிய இடைவெளியில் ‘டுக், டுக்’ என்று வந்தால் ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று பொருள். அப்போது பிளக், இக்னிஷன் காயில், இன்ஜெக்டர் ஆகியவற்றின் பக்கம் போக வேண்டும். தாளமே இல்லாமல் ஒரு நேரம் நன்றாகவும் ஒரு நேரம் மோசமாகவும் அலைந்தால் இந்தக் கட்டுரையின் வழியில் தொடரலாம்.

அடுத்து ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றி த்ராட்டில் பாடிக்குள் பாருங்கள். தகட்டின் விளிம்பில் கறுப்புப் பிசின் படிந்திருந்தால், அது காற்றின் வழியை அடைப்பதோடு, தகட்டை முழுதாக மூடவிடாமலும் செய்யும். துணியில் த்ராட்டில் பாடி கிளீனரை நனைத்துத் துடைத்தாலே சில வண்டிகள் குணமாகிவிடுகின்றன. ஆக்சிலரேட்டர் கேபிளில் சற்றே தளர்வு இருக்கிறதா என்றும் விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். கேபிள் இறுக்கமாக இருந்தாலோ, பெடலின் மீது தரைவிரிப்பு மடிந்து கிடந்தாலோ தகடு உண்மையாகவே சற்றுத் திறந்திருக்கும். சென்சார் உண்மையைத்தான் சொல்கிறது, நாம்தான் அதைப் பொய் என்கிறோம். வேக்குவம் குழாய்களில் வெடிப்பு, இன்டேக் கேஸ்கெட் கசிவு ஆகியவற்றையும் இப்போதே பார்த்துவிடுவது நல்லது. ஓடும் என்ஜினில் ‘உஸ்ஸ்’ என்ற மெல்லிய ஓசை கேட்டால் அங்கேதான் காற்று திருட்டுத்தனமாக நுழைகிறது.

பேட்டரி முனைகளில் என்ஜின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். அது இல்லாமல் சென்சாரின் 0.2 வோல்ட் வேறுபாட்டைத் தேடுவதில் பயனில்லை.

ஸ்கேனரில் எதைப் பார்ப்பது

இந்தியாவில் பிஎஸ்-4 மாசு விதியின்கீழ் வந்த கார்களுக்கு ஓபிடி-2 என்ற பழுதறியும் முறை கட்டாயமானது 2013 ஏப்ரலில்தான். ஆகவே அதற்கு முந்தைய சில வண்டிகளில் 16 முனைச் சாக்கெட் இருந்தும் சாதாரண அடாப்டர் பேசாமல் போகலாம். அவற்றுக்கு அந்தந்தத் தயாரிப்புக்கு உரிய ஸ்கேனர் தேவைப்படும். ஸ்கேனரே கிடைக்காவிட்டாலும் கவலையில்லை, முக்கியமான வேலை மல்டிமீட்டரில்தான் இருக்கிறது.

குறியீடு இருந்தால் அதை அழிப்பதற்கு முன் எழுதிக்கொள்ளுங்கள். பி0122 என்றால் மின்னழுத்தம் மிகக் குறைந்தது, பி0123 என்றால் மிக உயர்ந்தது, பி0121 என்றால் சென்சார் சொல்வது மற்ற சென்சார்கள் சொல்வதோடு பொருந்தவில்லை, பி0124 என்றால் விட்டுவிட்டு வருகிறது. குறியீட்டோடு அந்த நொடியின் ஆர்பிஎம், வெப்பநிலை முதலியவையும் பதிவாகியிருக்கும். பழுது குளிர்ந்த என்ஜினில் வந்ததா, சூட்டில் வந்ததா என்பதை அது காட்டிவிடும். செக் என்ஜின் விளக்கு எரியவில்லை என்பதற்காக சென்சார் சுற்றை நல்லது என்று தள்ளிவிடவும் கூடாது, 0.5 வோல்ட் 0.7 ஆக நகர்வது இசிஎம் வகுத்திருக்கும் எல்லைக்குள்ளேயே இருப்பதால், அது எந்தக் குறியீட்டையும் எழுப்பாமல் ஐடிலிங்கை மட்டும் கெடுத்துக்கொண்டிருக்கலாம்.

கைபேசித் திரையில் பெடலைத் தொடாமலேயே த்ராட்டில் 12 சதவீதம் அல்லது 15 சதவீதம் என்று காட்டுவதைப் பார்த்துப் பலர் பதறுகிறார்கள். பல கார்களில் அந்த எண் 5 வோல்ட்டில் எத்தனை சதவீதம் வருகிறது என்பதைக் காட்டுவது. மூடிய தகட்டுக்குப் பத்துக்கு மேல் காட்டுவது இயல்பே. பார்க்க வேண்டியது அந்த எண் அசையாமல் நிற்கிறதா, என்ஜின் சூடேறியபின் மெல்ல மேலே நகர்கிறதா என்பதைத்தான். மலிவான அடாப்டர்கள் நொடிக்குச் சில முறைதான் தகவலைப் புதுப்பிக்கின்றன என்பதால், கண நேரத் துள்ளல்கள் அவற்றின் கண்ணில் படாமல் தப்பிவிடும்.

மூன்று வயர்களை அடையாளம் காணுதல்

வயரின் நிறத்தை நம்ப வேண்டாம். அது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். முன்பு யாரேனும் ரிப்பேர் செய்திருந்தால் ஒரே வண்டியில் பாதி வழியிலும் மாறியிருக்கும். சாவியை அணைத்து, கப்ளரைக் கழற்றி, மல்டிமீட்டரை ஓம்முக்கு மாற்றி, சென்சாரின் முனைகளை இரண்டிரண்டாக அளங்கள். பக்கத்தில் ஒருவர் த்ராட்டிலை மெல்லத் திறந்து மூடட்டும். எந்த இரு முனைகளுக்கு இடையே மின்தடை மாறவே இல்லையோ அவை இரண்டும் தடத்தின் முனைகள். எஞ்சியிருப்பது சிக்னல் முனை. அந்த மாறாத மின்தடை வழக்கமாகச் சில ஆயிரம் ஓம்களாக இருக்கும். பிறகு மீட்டரை வோல்ட்டுக்கு மாற்றிச் சாவியை ஆன் செய்து, வயரிங் பக்கக் கப்ளரில் தடத்தின் முனைகளுக்கு எதிரே வரும் இரண்டையும் அளந்தால், 5 வோல்ட் காட்டுவது ரெஃபரன்ஸ் வயர், மற்றது எர்த் வயர். நான்காவதாக ஒரு முனை இருந்தால் அது பெரும்பாலும் தகடு மூடியதைச் சொல்லும் ஐடில் சுவிட்சுக்கு உரியது.

5 வோல்ட் எங்கேயுமே வரவில்லையென்றால் உடனே இசிஎம்மைச் சந்தேகிக்க வேண்டாம். அதே 5 வோல்ட்டை, இன்டேக்கின் காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார், ஏசி பிரஷர் சென்சார் போன்றவையும் பகிர்ந்துகொள்வது வழக்கம். அவற்றில் ஒன்று உள்ளுக்குள் ஷார்ட் ஆனால் எல்லாமே சுருண்டுவிடும். ஒவ்வொன்றின் கப்ளராகக் கழற்றிக்கொண்டே வாருங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்புகிறதோ அதுவே குற்றவாளி.

இணைத்த நிலையில் அளத்தல்

இந்தப் பகுதியைத்தான் பலரும் தாண்டிவிடுகிறார்கள். கழற்றிய கப்ளரில் 5 வோல்ட் கிடைத்துவிட்டால் வயரிங் நன்று என்று முடிவு கட்டுகிறார்கள். மல்டிமீட்டர் இழுக்கும் மின்னோட்டம் ஏறத்தாழ ஒன்றுமே இல்லை. பச்சை பூத்து, ஒரு மெல்லிய இழையில் தொங்கிக்கொண்டிருக்கும் வயர்கூட அந்த அளவைக் கடத்திவிடும். சென்சாரை இணைத்து, மின்னோட்டம் ஓடும்போது அளந்தால்தான் வயரின் உண்மை வெளிவரும்.

கப்ளரை மீண்டும் இணைத்து, அதன் பின்புறத்தில் வயர் நுழையும் ரப்பர் உறையை ஒட்டி ஒரு குண்டூசியை நுழைத்தால், அது உள்ளே இருக்கும் உலோக முனையைத் தொடும். வயரின் மேலுறையைக் குத்த வேண்டாம். அந்தத் துளை வழியே அடுத்த மழைக்காலத்தில் ஈரம் இறங்கும். இரண்டு ஊசிகள் ஒன்றையொன்று தொட்டுவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். மீட்டரின் கறுப்பு முனையை பேட்டரியின் நெகட்டிவ் துருவத்திலேயே வைத்து, என்ஜினைச் சூடாகும்வரை ஓடவிட்டு, சிவப்பு முனையால் மூன்று வயர்களையும் ஒவ்வொன்றாக அளங்கள். ரெஃபரன்ஸில் 5-ஐ ஒட்டியும், சிக்னலில் 0.5-ஐ ஒட்டியும், எர்த் வயரில் 0.05 வோல்ட்டுக்குள்ளும் இருக்க வேண்டும். எர்த் வயரில் 0.1-ஐத் தாண்டினால் அந்தப் பாதையில் தேவையற்ற மின்தடை இருக்கிறது.

கறுப்பு முனையை ஏன் சென்சாரின் எர்த் வயரில் வைக்காமல் பேட்டரியில் வைக்கச் சொல்கிறேன் என்பதை ஒரு கணக்கோடு விளக்கிவிடுகிறேன். தடத்தின் மொத்த மின்தடை 4,000 ஓம் என்றும், மூடிய நிலையில் தொடுநாக்குக்குக் கீழே 400 ஓம் இருக்கிறது என்றும் கொள்வோம். நல்ல வயரிங்கில் சிக்னல் சரியாக 0.5 வோல்ட். இப்போது எர்த் வயரில் பூத்த பச்சையால் 200 ஓம் கூடுதலாகச் சேர்ந்துவிட்டது. மொத்தம் 4,200 ஆகிறது. தொடுநாக்குக்குக் கீழே 600 ஆகிறது. இசிஎம் பார்க்கும் சிக்னல் ஏறத்தாழ 0.71 வோல்ட்டுக்கு ஏறிவிடுகிறது. தகடு ஒரு மயிரிழைகூட நகரவில்லை, சென்சாரில் ஒரு குறையும் இல்லை, ஆனால் இசிஎம்முக்குக் கால் பெடலில் இருப்பதாகத் தெரிகிறது. இதே பழுதை, கறுப்பு முனையைச் சென்சாரின் எர்த் வயரிலேயே வைத்து அளந்தால் மீட்டர் 0.48 என்று காட்டும். பார்க்க எல்லாம் சரியாக இருக்கும். பழுதான வயரையே அடித்தளமாகக் கொண்டு அளந்தால் பழுது கண்ணுக்குத் தெரியாது.

அதே கணக்கை முழுதாகத் திறந்த நிலைக்கும் போட்டுப் பாருங்கள். சாவியை மட்டும் ஆன் செய்து, என்ஜினை ஓடவிடாமல், த்ராட்டிலை முழுதாகத் திறந்தால் நல்ல வயரிங்கில் 4.5 வோல்ட் வரும். எர்த்தில் 200 ஓம் சேர்ந்த நிலையில் 4.52 வரும். வேறுபாடே இல்லை எனலாம். மாறாக, அந்த 200 ஓம் ரெஃபரன்ஸ் வயரில் சேர்ந்திருந்தால், மூடிய நிலையில் 0.48 என்று ஏறத்தாழ இயல்பாகவே இருந்து, திறந்த நிலையில் மட்டும் 4.29-ஆகச் சரிந்திருக்கும். ஆகவே இரு முனைகளிலும் அளந்து எழுதிக்கொண்டால், எந்த வயரைத் தேட வேண்டும் என்பதை அந்த இரண்டு எண்களே காட்டிவிடும். மூடிய நிலை உயர்ந்து, திறந்த நிலை இயல்பாக இருந்தால் எர்த் பாதை. மூடிய நிலை இயல்பாக இருந்து, திறந்த நிலை தாழ்ந்தால் ரெஃபரன்ஸ் பாதை. இரண்டும் ஒரே அளவு உயர்ந்திருந்தால் சென்சார் தன் இருக்கையில் சற்றுத் திரும்பியிருக்கலாம். ஐடிலிங் குலுங்குகிறது என்ற புகாரில் எர்த் வயருக்கு நான் முதலிடம் தருவது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

பல இசிஎம்கள் தாம் காணும் மிகக் குறைந்த மின்னழுத்தத்தையே மூடிய நிலை என்று கற்றுக்கொள்கின்றன. எர்த் பாதை காலையில் நன்றாக இருந்து, என்ஜின் சூட்டில் முனை விரிந்து மின்தடை கூடினால், கற்றுக்கொண்ட எண்ணுக்கும் வரும் எண்ணுக்கும் இடைவெளி விழுகிறது. வீட்டில் கிளப்பும்போது சாதுவாக இருந்த வண்டி, அரை மணி நேரப் போக்குவரத்து நெரிசலுக்குப் பிறகு குலுங்கத் தொடங்குவதற்கு இது ஒரு காரணம். குளிரில் ஒரு முறையும் சூட்டில் ஒரு முறையும் அளக்க வேண்டும் என்பதன் பொருளும் இதுவே.

சென்சாரின் எர்த் வயரில் கண்ட உயர்வு அந்த வயரில்தான் உருவானது என்றும் சொல்ல முடியாது. ஹெட்லைட், பின்கண்ணாடி டிஃபாகர், ஏசி என்று ஒவ்வொன்றாகப் போடும்போது அந்த எண்ணும் படிப்படியாக ஏறினால், இசிஎம்மின் எர்த் பாயின்ட்டோ, என்ஜினையும் பாடியையும் பேட்டரியோடு இணைக்கும் தடித்த எர்த் கேபிளோ தளர்ந்திருக்கிறது. போல்ட்டைக் கழற்றி, துருவையும் பெயின்டையும் உப்புத்தாளால் தேய்த்து, மீண்டும் இறுக்கினால் தீர்ந்துவிடக்கூடிய பழுது இது.

தடம் தேய்ந்ததா என்று பார்த்தல்

வயர்கள் மூன்றும் நன்றாக இருந்தால் சென்சாருக்கு வரலாம். சாவி ஆனில் இருக்க, என்ஜின் ஓடாமல், சிக்னல் வயரின் மின்னழுத்தத்தைப் பார்த்தபடி த்ராட்டிலை மிக மெதுவாக, முழுதாகத் திறக்கப் பத்து நொடியாவது எடுக்கும்படி நகர்த்துங்கள். எண் சீராக ஏற வேண்டும். நடுவில் எங்கும் திடீரென 0-க்கு விழவோ, துள்ளவோ கூடாது. மூடிய நிலையிலிருந்து கால்பங்கு வரையிலான பகுதியில் இதை நாலைந்து முறை செய்யுங்கள். நகரச் சாலையில் ஓடும் கார் தன் ஆயுளின் பெரும்பகுதியை அந்தக் கால்பங்குக்குள்தான் கழிக்கிறது. தடமும் அங்கேதான் முதலில் தேய்கிறது. வால்யூம் திருகு எப்போதும் வைக்கும் இடத்தில் மட்டும் கரகரப்பதைக் கேட்டவர்களுக்கு இது புதிதல்ல.

டிஜிட்டல் மீட்டரின் எண்கள் புதுப்பிக்கப்படுவதற்குள் துள்ளல் வந்து போய்விடும். பழைய முள் மீட்டர் யாரிடமாவது இருந்தால் இரவல் வாங்குங்கள். வோல்ட் அளவில் வைத்தால், முள் ஒரு கணம் நடுங்குவது கண்ணுக்கு நன்றாகத் தெரியும். ஆசிலாஸ்கோப் உள்ள ஒர்க்‌ஷாப்பில் இந்த வேலை ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். எதுவும் இல்லையென்றால், என்ஜின் ஐடிலிங்கில் ஓடும்போது சென்சாரின் உடலை ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடியால் மெல்லத் தட்டுங்கள். பின் சிறிது நேரம் ஹேர் டிரையரால் சூடேற்றியும் பாருங்கள். தட்டும்போதோ சூட்டிலோ ஆர்பிஎம் தடுமாறினால் சென்சார் பழுது என்பதற்கு அது வலுவான அறிகுறி.

அதே முறையில், ஓடும் என்ஜினில் வயர் கட்டை, அதாவது ஹார்னஸை, கப்ளரிலிருந்து இசிஎம் வரை ஓரோர் அடியாக அசைத்தும் பார்க்க வேண்டும். என்ஜின் அதிர்வில் ஆடும், பாடி ஆடாது. இரண்டுக்கும் இடையே தொங்கும் பகுதியில்தான் வயர்கள் உள்ளுக்குள் அறுகின்றன. மேலுறை நன்றாக இருக்க, உள்ளே செம்பு மட்டும் அறுந்திருப்பதும் உண்டு. வயரை இரு விரல்களால் பிடித்து லேசாக இழுக்கும்போது ரப்பர்போல் நீண்டால் அந்த இடம்தான். எலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சில நாள் எடுக்காமல் நிறுத்தி வைத்த வண்டிக்குப் பழுது வந்தால், பானட்டுக்குள் எலிப்புழுக்கை இருக்கிறதா என்று தேடுவது எந்த ஸ்கேனரையும்விட வேகமான சோதனை.

சரிசெய்தல்

கப்ளர் முனைகளில் பச்சையோ வெள்ளைப் பொடியோ இருந்தால் கான்டாக்ட் கிளீனரை அடித்து, காய்ந்த பிறகு சில முறை இணைத்துக் கழற்றினால் போதும். முனை பளபளப்பாக இருந்தும் தொடர்பு விட்டுப்போனால், கப்ளரின் உள்ளே இருக்கும் சிறிய உலோக உறை அகன்று, எதிர்முனையைப் பிடிக்காமல் இருக்கிறது என்று பொருள். மீட்டரின் தடித்த ஊசியை வலுக்கட்டாயமாக அதற்குள் நுழைத்து அளப்பவர்களே பல சமயம் இந்தப் பழுதை உண்டாக்குகிறார்கள். அகன்ற முனையை மாற்றுவதே சரியான வழி.

அறுந்த வயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவது என்ஜின் சூட்டில் ஓர் ஆண்டுகூடத் தாங்குவது கடினம். டேப்பின் பசை உருகிவிடும். சோல்டர் வைத்து, உட்புறம் பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயை மாட்டிச் சூடாக்கினால் ஈரம் நுழையாது. இணைப்பை அதிர்வு இல்லாத இடத்தில் அமைத்து, இருபுறமும் கட்டி வைக்க வேண்டும். வேறு ஏதோ எர்த் பாயின்ட்டிலிருந்து ஒரு வயரை இழுத்துச் சென்சாருக்குக் கொடுத்துவிடும் குறுக்கு வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். சென்சாரின் எர்த் இசிஎம் வழியாகவே செல்லும்படி வைத்திருப்பது, மற்ற கருவிகளின் இரைச்சல் சிக்னலில் கலந்துவிடாமல் இருப்பதற்காகத்தான்.

சென்சாரையே மாற்ற நேர்ந்தால், ஸ்க்ரூ துளைகள் வட்டமா நீள்வட்டமா என்று பாருங்கள். நீள்வட்டமாக இருந்தால் அது நிலை திருத்தக்கூடிய வகை: ஸ்க்ரூக்களைத் தளர்வாக வைத்து, சிக்னல் வயரில் மீட்டரை மாட்டி, கையேடு சொல்லும் மூடிய நிலை எண் வரும்வரை சென்சாரைத் திருப்பிப் பிறகு இறுக்க வேண்டும். இறுக்கும்போது எண் நகர்ந்துவிடும் என்பதால் மறுபடியும் பார்க்க வேண்டும். வட்டத் துளையாக இருந்தால் திருத்த எதுவுமில்லை. எந்த நிலையிலும் தகட்டின் நிறுத்து ஸ்க்ரூவைத் திருகி ஐடிலிங்கை உயர்த்தக் கூடாது. தொழிற்சாலையில் நிர்ணயித்து முத்திரையிட்ட அந்த ஸ்க்ரூவைத் தொட்டால், மூடிய நிலை என்பதற்கு இருந்த ஒரே அளவுகோலும் போய்விடும். கார்புரேட்டர் காலத்துப் பழக்கத்தில் பலர் முதலில் கை வைப்பது அதில்தான். மாற்றிய பிறகு சில வண்டிகளில் பேட்டரி நெகட்டிவைச் சிறிது நேரம் கழற்றி மாட்டினால் இசிஎம் புதிய நிலையைக் கற்றுக்கொள்ளும். வேறு சிலவற்றுக்கு ஸ்கேனர் வழியாகவே கட்டளை தர வேண்டும்.

கேபிள் இல்லாத த்ராட்டிலில் இரண்டு தடங்கள் இருக்கும். சில தயாரிப்புகளில் ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும். இரண்டும் முரண்பட்டால் பி2135 போன்ற குறியீடு வந்து, வண்டி வேகம் எடுக்காமல் தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொள்ளும். எர்த் வயரைச் சோதிக்கும் முறையும் ரெஃபரன்ஸைச் சோதிக்கும் முறையும் இங்கும் அப்படியே பொருந்தும். ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும்: சாவி ஆனில் இருக்கும்போது அந்தத் தகட்டை விரலால் தள்ளவே கூடாது. மோட்டாரின் விசையில் தகடு சட்டென மூடினால் விரல் நசுங்கும், உள்ளே இருக்கும் பல்சக்கரங்களும் உடையக்கூடும். பெடலை மிதித்துத்தான் திறக்க வேண்டும். தகட்டைச் சுத்தம் செய்தால்கூட, மீண்டும் கற்றுக்கொடுக்கும் நடைமுறையை முடிக்காமல் சில வண்டிகளில் ஐடிலிங் நிலைக்கு வராது என்பதால், அந்த நடைமுறையைக் கையேட்டில் படித்துவிட்டே ஸ்க்ரூடிரைவரை எடுக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் குறியீடுகளை அழித்துவிட்டு, ரேடியேட்டர் விசிறி இரண்டு முறை சுழன்று நிற்கும்வரை என்ஜினை ஓடவிடுங்கள். பிறகு ஏசியையும் ஹெட்லைட்டையும் போட்டு, பேட்டரி நெகட்டிவை அடித்தளமாகக் கொண்டு அதே மூன்று வயர்களையும் மறுபடி அளங்கள். சூட்டிலும் சுமையிலும் சிக்னல் முதல் அளவிலேயே நின்று, எர்த் வயர் 0.05-க்குள் இருந்தால், அந்த மூன்று எண்களையும் தேதியோடு ஒரு தாளில் எழுதி வண்டியின் சர்வீஸ் புத்தகத்துக்குள் வைத்துவிட்டுப் பானட்டை மூடலாம்.